முப்பத்தைந்துக்கு மேல் ஸ்ட்ரைக்கர் என்ன செய்வார்?

ஈசூனிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகனுக்கு 13 வயது, உயர்நிலை ஒன்று படிக்கிறான், பள்ளியின் ‘சி’ பிரிவு அணியில் ஸ்ட்ரைக்கர். காற்பந்துதான் தன் தொழில் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். “சிங்கப்பூரில் இதை நம்பிப் பிழைக்க முடியுமா? 35-இல் முடிந்துவிடுமே! வயதானதும் கோச்சாகிவிடுவேன் என்கிறானே, அது அவ்வளவு சுலபமா? இப்போதைக்கு 300 வெள்ளிக்கு பூட்ஸ் கேட்கிறான், வாங்கித் தரலாமா?” மூன்று கேள்வி.

அண்ணே, நான் இங்கே பதினோரு சீசன் ஸ்ட்ரைக்கராக ஆடியவன். 2012 முதல் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பெரிய பெயரெல்லாம் இல்லை. பழைய ஜாலான் புசார் அரங்க ரசிகர்கள் ஒருவர் இருவருக்கு முகம் ஞாபகம் இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் நட்சத்திரத்தின் கதையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நட்சத்திரத்துக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் கதைதான் என்னிடம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதுதான் அதிகம் உதவும் என்றும் நினைக்கிறேன்.

முதலில் அவன் ஆடும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் உள்ளூர்ப் பையன் ஒருவன் தேர்ந்தெடுக்கக்கூடிய மிகக் கஷ்டமான இடம் ஸ்ட்ரைக்கர். திறமை போதாது என்பதால் இல்லை. 1996-இல் எட்டு கிளப்புகளோடு நம் தொழில்முறை லீக்கான எஸ்-லீக் தொடங்கிய நாள் முதல், வெளிநாட்டு ஆட்டக்காரருக்கென்று இருக்கும் இடங்களைக் கிளப்புகள் பெரும்பாலும் கோல் போடுபவருக்குத்தான் செலவழித்தன. நான் கிளப் முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோல்காப்பாளரையும் தற்காப்பு ஆட்டக்காரரையும் உள்ளூரில் வளர்த்துக்கொள்ளலாம், கோலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பது கணக்கு. மிர்கோ கிராபோவாச், எக்மார் கொன்சால்வெஸ், அலெக்சாண்டர் டூரிச் என்று லீக்கில் கோல்களைக் குவித்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலர் குடியுரிமை பெற்றுத் தேசிய அணிக்கும் ஆடினார்கள்.

டூரிச்சின் கதையை மகனுக்குச் சொல்லுங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர் அவர். காற்பந்துக்காக இல்லை, துடுப்புப் போடுவதற்காக! 1999-இல் இங்கே தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்கு வந்தார், 2007-இல் குடியுரிமை பெற்றார். அந்த ஆண்டே தஜிகிஸ்தானுக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். 2-0 வெற்றி, இரண்டு கோலும் அவருடையது. அப்போது அவருக்கு வயது 37. ஓய்வு பெற்றது 2014-இல், 44 வயதில். அப்புறம் ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துக் கழகத்தின் பொறுப்புக்கு வந்து சிறுவர்களின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டார். “35-இல் முடிந்துவிடும்” என்று நீங்கள் போட்ட கணக்கை உடைக்க இவர் ஒருவர் போதும். ஆனால் டூரிச் விதிவிலக்கு. விதி நாங்கள்.

என் பதினோரு சீசனில் நான் முழு ஆட்டமாக ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஆடியது இரண்டே இரண்டு சீசன். மற்றபடி விங்கில் ஓடவிட்டார்கள், இல்லையென்றால் 70-ஆவது நிமிடத்தில் எழுப்பி “போய் ஓடு” என்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் பல வருஷம் இருந்தது. சொந்த ஊரில் சொந்த இடத்தை வேற்றாளுக்கு விட்டுக்கொடுப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது என்ன தெரியுமா? எங்கள் அணியின் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் என்னைவிட வேகமும் இல்லை, என்னைவிட நன்றாகப் பந்தைத் தட்டுபவரும் இல்லை. பந்து இடது விங்கில் இருக்கும்போது அவர் வலப்பக்கம் இரண்டு அடி நகர்வார். டிஃபெண்டர் அவரோடு போவார். கிராஸ் வரும் நொடியில் இவர் டிஃபெண்டருக்கு முன்னால் பாய்ந்து முதல் கம்பத்துக்கு வந்திருப்பார். அந்த இரண்டு அடிதான் கோல். ஆடிக்கொண்டிருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

நம் தமிழ் ஆட்கள் யாரும் முன்வரிசையில் இல்லையா என்று கேட்பீர்கள். வி. சுந்தரமூர்த்தி இருக்கிறாரே! எண்பதுகளில், தொண்ணூறுகளில் காலாங் தேசிய அரங்கில் அவர் காலுக்குப் பந்து போனாலே கூட்டம் எழுந்து நிற்கும் என்று என் அப்பா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் வரை போனவர். பின்னாளில் பயிற்றுவிப்பாளராக 2013-இல் நம் லயன்ஸ்டுவெல்வ் அணியை மலேசிய சூப்பர் லீக்கில் வெல்ல வைத்தார், 2016-இல் தேசிய அணிப் பொறுப்புக்கும் வந்தார். அதற்கு முந்திய தலைமுறையில் எஸ். ராஜகோபால், வளைந்து போகும் உதைக்குப் பேர்போனவர். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். சிங்கப்பூருக்காகத் தமிழர் ஒருவர் போட்ட மிகப் பிரபலமான கோல் 1998-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதியாட்டத்தில், ஹனோயில், வியட்நாமுக்கு எதிராக ஆர். சசிகுமார் போட்டது. அவர் டிஃபெண்டர். அதுவும் தோளில் பட்டு உள்ளே போன பந்து! எனக்கு அப்போது 18 வயது, கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையில் இருந்தேன். முகாம் கேன்டீன் தொலைக்காட்சி முன்னால் நாங்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கராக எனக்குக் கொஞ்சம் பொறாமையும்தான்.

சரி, பிழைப்பு. ஆடும் காலத்தில் என் ஒப்பந்தங்கள் எல்லாமே ஒரு வருஷத்துக்கானவை. அப்போதெல்லாம் சீசன் நவம்பர் வாக்கில் முடியும். அக்டோபர் வந்தாலே வயிறு கலங்கும். மேலாளர் புன்னகைத்தால் ஒரு அர்த்தம், தலையைக் குனிந்துகொண்டு போனால் இன்னொரு அர்த்தம் என்று ஜோசியம் பார்ப்போம். ஒரு கிளப், பெயர் வேண்டாம், மூன்று மாதச் சம்பளத்தைத் தவணையில் தந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு மனைவியின் சம்பளத்தில்தான் வீட்டில் முறுக்கு சுட்டோம். 2018-இல் லீக் புதிய பெயரில் வந்தபோது, களமிறங்கும் பதினொருவரில் குறைந்தது மூவர் 23 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இளையர்களுக்கு நல்ல விதிதான். ஆனால் முப்பதைத் தாண்டிய என் நண்பர்கள் பலருக்கு அந்த வருஷம் கதவு சாத்தப்பட்டது. எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. அதற்குள் முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்து 31 வயதிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கோச்சாவது சுலபமா? சான்றிதழ் வாங்குவது சுலபம், கோச்சாவது கஷ்டம்.

என் முதல் வகுப்பைச் சொல்கிறேன். தோ பாயோவில் ஒரு தொடக்கப்பள்ளித் திடல், தொடக்கநிலை மூன்றும் நான்கும் படிக்கும் பையன்கள் இருபத்திரண்டு பேர். எனக்கு நம்பிக்கை அதிகம். லீக்கில் ஆடியவன் இல்லையா? பெனால்டி பெட்டியின் ஓரத்தில் நின்று, பக்கவாட்டில் வந்த பந்தை ஒரே தட்டில் திருப்பி, மூலையில் அடித்துக் காட்டினேன். பையன்கள் கைதட்டினார்கள். “சரி, இப்போ நீங்க” என்றேன். பத்து நிமிஷத்தில் பாதிப் பந்துகள் வேலிக்கு வெளியே கால்வாய் ஓரம் கிடந்தன. அப்போது கண்ணாடி போட்ட ஒரு பொடியன் வந்து கேட்டான்: “கோச், நீங்க அடிக்கும்போது கோலைப் பார்க்கவே இல்லையே, எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?”

என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே இல்லை. பதினோரு வருஷம் செய்த வேலையை எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. “பழகினா வந்திடும்” என்று சொல்லி அனுப்பினேன். பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அன்று இரவு படுத்துக்கொண்டு நான் போட்ட கோல்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மெல்ல மெல்லப் புரிந்தது. அடிக்கும்போது நான் கோலைப் பார்ப்பதில்லை, முன்பே பார்த்துவிடுகிறேன். பந்து இன்னொருவன் காலை விட்டுக் கிளம்பி என்னிடம் வந்து சேர்வதற்குள் ஒரு முறை, இரண்டு முறை தலையைத் திருப்புகிறேன். காலடியில் பெட்டியின் வெள்ளைக் கோடு இருக்கிறது, அதை வைத்துத் தூரம் தெரிகிறது. உதைக்காத கால் எங்கே ஊன்றுகிறதோ அதன் பெருவிரல் காட்டும் திசையில் பந்து போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். என் கால்களுக்கு அது தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பந்தை உதைக்கவே விடவில்லை. பையன் எனக்கு முதுகைக் காட்டி நிற்பான், எதிரிலிருந்து இன்னொருவன் பந்தைத் தட்டுவான். நான் பின்னால் நின்று சிவப்பு அல்லது மஞ்சள் கூம்பு ஒன்றைத் தூக்குவேன். பந்து காலுக்கு வருமுன் அவன் திரும்பிப் பார்த்து நிறத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் பந்து தொடையில் படும், மூக்கில் படும், ஒரே சிரிப்பு. ஆறு வாரத்தில் பாதிப் பேருக்குத் தலை தானாகத் திரும்ப ஆரம்பித்தது. அதன் பிறகுதான் உதை. அந்தக் கண்ணாடிப் பையன் ஆட்டக்காரனாக வரவில்லை, இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஏதோ கணினி வேலை செய்கிறான். ஆனால் என்னைக் கோச்சாக்கியது அவன் கேட்ட கேள்விதான்.

நல்ல ஸ்ட்ரைக்கர்கள் பலர் மோசமான சிறுவர் கோச்சாக இருப்பதற்குக் காரணமும் இதுதான் என்பது என் எண்ணம். ஸ்ட்ரைக்கருக்கு எல்லாமே உள்ளுணர்வாக வருகிறது. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கோல்காப்பாளரும் நடு டிஃபெண்டரும் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே ஆடுகிறவர்கள், அவர்களுக்கு வார்த்தை பழகிப்போயிருக்கும். எங்களுக்கு அது புதிய மொழி. நான் பெஞ்சில் உட்கார்ந்த வருஷங்களில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தக் கோபம் வீண் போகவில்லை.

சான்றிதழ் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் உரிமங்கள் சி, பி, ஏ, அப்புறம் புரோ என்று படிப்படியாகப் போகும். முன்னாள் தேசிய வீரராக இருந்தாலும் வரிசையில்தான் ஏற வேண்டும். இதோடு இங்கே தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இடம்பெற எஸ்ஜி-கோச் பாடங்களையும் முதலுதவிப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்குக் கோச் எடுக்கும்போது அரசாங்கத்தின் ஜீபிஸ் இணையத்தளத்தில் விலைப்புள்ளி கேட்பார்கள். ஆம் அண்ணே, மேசை நாற்காலி வாங்குவதைப் போலத்தான். நீங்கள் தேசிய அரங்கில் எத்தனை கோல் போட்டீர்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரி இடம் இருந்தால் அதிகம். அனுபவம், தகுதி, விலை. முதல் வருஷம் மூன்று பள்ளிக்கு விண்ணப்பித்து மூன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்தாலும் நம்மில் பெரும்பாலோர் சுயதொழில் செய்பவர்கள். கிளப்பில் இருந்தபோது முதலாளி பங்காக மத்திய சேம நிதி ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மருத்துவச் சேமிப்பான மெடிசேவை நானே கட்ட வேண்டும், மற்றதை நானேதான் சேர்க்க வேண்டும். மாலை நாலு மணிக்குத் திடலின் மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பயிற்சி நின்றுவிடும். அன்றைய காசு வருமா வராதா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2020 ஏப்ரலில் எல்லாம் அடைத்தபோது ஒரே நாளில் என் வருமானம் பூஜ்யமானது. சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்குக் கொடுத்த நிவாரணம்தான் தாங்கியது. மீதிக்கு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு முறை கதவைத் திறந்தது என்னிடம் படித்த பையன். “கோச்!” என்றான். பிரியாணி பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “இடது காலைப் பழகுறியா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காலையில் திடலில் கூம்பு அடுக்கும் நேரத்துக்கு ஈடான வேலையை நான் பார்த்ததில்லை. ஆனால் “ஆட்டம் முடிந்ததும் கோச்” என்பது ஓய்வூதியம் மாதிரி தானாக வந்து சேருவது இல்லை என்று மகனுக்குத் தெரிய வேண்டும். அது இன்னொரு தொழில். சம்பளத்திலும் மரியாதையிலும் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் மகனைப் பற்றி. 13 வயதில் அவன் போடும் கோல்களை எண்ணாதீர்கள். பள்ளிகளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. இந்த வயதில் ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். ‘சி’ பிரிவில் கோலைக் குவிப்பவன் பெரும்பாலும் முதலில் வளர்ந்தவன். மற்றவர்கள் 16 வயதில் அவனை எட்டிப் பிடிக்கும்போது, உயரத்தை மட்டும் நம்பியிருந்தவனிடம் வேறு சரக்கு இருக்காது. உங்கள் மகன் எந்த மாதம் பிறந்தவன் என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பர் என்றால் நான் இன்னும் ஆர்வமாகப் பார்ப்பேன்.

2010-இல் இங்கே நடந்த இளையர் ஒலிம்பிக்கில் நம் பையன்கள் வெண்கலம் வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மோண்டெனெக்ரோவை 4-1 என்று அடித்தார்கள். ஊரே கொண்டாடியது. அந்த 15 வயதுப் பையன்களில் பலர் பிறகு தொழில்முறை ஆட்டத்துக்கு வரவில்லை. படிப்பு, தேசிய சேவை, காயம், சலிப்பு என்று ஆளுக்கொரு காரணம். அவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், 15 வயதில் முடிவு தெரிந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

தேசிய சேவையையும் இப்போதே கணக்கில் வையுங்கள். 2018-இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமோடு ஒப்பந்தம் போட்ட 17 வயது இளையருக்கே சேவையைத் தள்ளிவைக்க அனுமதி கிடைக்கவில்லை. 18 முதல் 20 வரை ஐரோப்பாவில் அவன் வயதுப் பையன்கள் வாரம் ஆறு நாள் ஆடும்போது இவன் சீருடையில் இருப்பான். அதைத் தாண்டியும் போனவர்கள் உண்டு. முன்னாள் தேசிய நட்சத்திரம் ஃபாண்டி அகமதின் மகன் இக்சான் 2019-இல் நார்வேயின் ராவ்ஃபோஸுக்குப் போய் ஸ்ட்ரைக்கராகவே ஆடினார். (அப்பா 1983-இல் நெதர்லாந்தின் குரோனிங்கனுக்காக இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர். இன்றைய பையன்களிடம் இதைச் சொன்னால், “இக்சானோட அப்பாவும் ஆடினாரா?” என்று கேட்கிறார்கள்.) ஆகவே முடியாது என்று இல்லை. பாலிடெக்னிக்கோ ஐடிஇயோ, ஒரு படிப்பை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும். படிப்பு ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லும் கோச் யாராவது இருந்தால், அவர் என்ன படித்தார் என்று கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஆட்டம் பார்க்கப் போனால் கோட்டோரமாக நின்று “அடி, அடி” என்று கத்தாதீர்கள். என்னிடம் ஒரு பையன் இருந்தான், பந்தை இழந்தால் பந்தைத் துரத்த மாட்டான், அப்பா முகத்தைப் பார்ப்பான். அந்த இரண்டு விநாடியில் எதிரணி பாதி திடலைத் தாண்டிவிடும். அப்பாவைக் காப்பிக் கடைக்கு அனுப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் பையன் துரத்த ஆரம்பித்தான். அப்பாவுக்குத்தான் தே தாரிக் குடித்துக் குடித்துச் சர்க்கரை ஏறியது என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

கோச் அவனை விங்குக்கோ பின்வரிசைக்கோ மாற்றினால் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன், 22 வயதில். அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டு ஒரு சீசனையே வீணாக்கினேன். பின்வரிசையில் ஆடியிருந்தால் ஸ்ட்ரைக்கர் எதற்குப் பயப்பட வேண்டும் என்று பத்து வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

கடைசியாக பூட்ஸ். 300 வெள்ளிக்கு வேண்டாம். இந்த வயதில் கால் ஆறு மாதத்தில் ஓர் அளவு வளர்ந்துவிடும். அதைவிட முக்கியம், எந்தத் தரையில் ஆடுகிறான் என்று பாருங்கள். செயற்கைப் புல் திடல் என்றால் அடியில் குட்டையான, நிறையக் குமிழ்கள் உள்ளதை வாங்குங்கள். இயற்கைப் புல்லுக்கான நீளக் குமிழ் செயற்கைப் புல்லில் மாட்டிக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும், என் முழங்காலே சாட்சி. பெனின்சுலாவிலோ குயின்ஸ்வே ஷாப்பிங் சென்டரிலோ போய், போன வருஷ மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆடும்போது போடும் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பார்க்கட்டும். கட்டைவிரலுக்கு முன்னால் சுண்டுவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். மிச்சக் காசில் ஒரு நல்ல பந்து வாங்கிக் கொடுங்கள். பல புளோக்குகளுக்குக் கீழே பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். பக்கத்தில் வேலி போட்ட திடல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.